ஸ்டோயிக் தத்துவமும் 'முடியாது' என்ற சொல்லும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. ஸ்டோயிக் தத்துவம். பெயரைக் கேட்டதும் பயந்து ஓடிவிட வேண்டாம். நான் படிப்பது பி.காம்., தத்துவம் அல்ல. கிரேக்கமும் தெரியாது, லத்தீனும் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் படித்துவிட்டு, எனக்குப் புரிந்த வரையில், கொஞ்சம் கோபத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோபம் எதற்கு? யூடியூபில் 'ஸ்டோயிக்' என்று தேடிப் பாருங்கள். ஒரு பளிங்குச் சிலை, பின்னால் மழை, கனத்த குரலில் ஒருவர். எதுவும் உன்னைப் பாதிக்கக் கூடாது என்பார். விடியற்காலையில் எழு, பச்சைத் தண்ணீரில் குளி, யாரிடமும் புலம்பாதே. எங்கள் வகுப்பிலேயே நாலைந்து பேர் இதைப் பார்த்துவிட்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அது பரவாயில்லை, வயசு அப்படி. ஆனால் இதே சரக்குதான் வேலை பார்க்கிறவர்களுக்கான பேச்சுகளில் 'மன உறுதி' என்ற பெயரில் வருகிறது. வேலை அதிகமா? தாங்கிக்கொள்ளப் பழகு. மேலதிகாரி கத்துகிறாரா? அவர் கத்துவது உன் கையில் இல்லை, நீ அமைதியாக இருப்பது உன் கையில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் யாருக்கு லாபம் என்று பார்க்கும்போதுதான் இடிக்கிறது.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய வீடியோ வெளியானது. அதில் அது 90 மணி நேரம். ஏலம் கேட்கிற மாதிரி! இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், 2024 ஜூலையில், புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த 26 வயது சி.ஏ. ஒருவர் இறந்துபோனார். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கப் பரவியது. நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கடிதம் வந்த அன்று ஒரு மீம்ஸ் கூட வரவில்லை. காமர்ஸ் படிக்கிற பாதிப் பேருக்கு அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்வதுதான் கனவு.

அதே மாதம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி விழாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்தச் சாவைக் குறிப்பிட்டு, இப்படிப்பட்ட அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீடும் கல்லூரியும் கற்றுத்தர வேண்டும் என்று பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும், இறந்தவரைக் குறை சொல்லவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. உள்வலிமை என்றால் தாங்குவது மட்டும்தானா? இதை 2,000 வருஷத்துக்கு முன்பே முழுநேரத் தொழிலாக யோசித்தவர்கள் ஸ்டோயிக்குகள். அவர்கள் சொன்ன உள்வலிமையில் தாங்குவது பாதி. மறுப்பது மீதிப் பாதி. இந்த மீதியைத்தான் வீடியோக்காரர்கள் கத்தரித்து விடுகிறார்கள்.

எபிக்டெட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ கி.பி. 50-ல் ஹீராபொலிஸ் என்ற ஊரில் பிறந்தவர். இன்றைக்குத் துருக்கியில் பாமுக்கலே என்று சுற்றுலாப் பயணிகள் போகிற இடம். ரோமில் அடிமையாக இருந்தார். அவருடைய எஜமானரே முன்னாள் அடிமைதான், பிறகு நீரோ மன்னனின் செயலாளர் ஆனவர். எபிக்டெட்டஸ் என்ற பெயருக்கே 'சம்பாதிக்கப்பட்டவன்' என்றுதான் பொருள். நம்ம பாஷையில் சொன்னால், வாங்கிப் போட்ட சரக்கு. கால் ஊனம் வேறு. விடுதலை கிடைத்த பிறகு பாடம் நடத்தினார். டொமிஷியன் தத்துவக்காரர்களை ரோமிலிருந்து துரத்தியபோது, கிரேக்கத்தில் நிகோபொலிஸ் என்ற ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார். ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. நம்மிடம் இருப்பதெல்லாம் அர்ரியன் என்ற மாணவர் எடுத்து வைத்த நோட்ஸ். (கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்காமல் இருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.)

அவருடைய அடிப்படைப் பாடம் எல்லோருக்கும் தெரிந்ததே. சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. உடம்பு, சொத்து, பெயர், பதவி எல்லாம் நம் கையில் இல்லாத பக்கம். நாம் எதை நினைக்கிறோம், எதை விரும்புகிறோம், எதை ஒதுக்குகிறோம், எதற்குச் சம்மதம் கொடுக்கிறோம் என்பவை நம் பக்கம். உடம்பே சொந்தமாக இல்லாமல் வாழ்ந்த ஆள் இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட கோடு இல்லை.

'கையில் இல்லாததை விட்டுவிடு' என்ற பக்கத்தை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த பக்கம் இன்னும் கடுமையானது. கையில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு. நான் "சரி சார்" என்று தலையாட்டினால் அந்தத் தலையாட்டல் என்னுடையது. சார் ஆட்டி வைத்தார் என்று பழி போட முடியாது. சம்மதம் என்பது பிடுங்கக்கூடிய பொருள் இல்லை, கொடுத்தால்தான் உண்டு. அப்படியானால் கொடுக்காமலும் இருக்கலாம். எல்லை வகுப்பது என்று இன்றைக்குப் பேசுகிறார்களே, அதற்கான இடம் இங்கேதான் இருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். எங்கள் கல்லூரி மதியம் ஒன்றரை மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பகுதிநேர வேலைக்குப் போகிறேன். டேலியில் பில் போடுவது, ஜிஎஸ்டி கணக்கு சரிபார்ப்பது. இந்தத் தொழிலில் மாதத்துக்கு இரண்டு கண்டம். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. தேதி தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதனால் 19, 20 தேதிகளில் எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் ராத்திரி லைட் எரியும். அதைப்பற்றி எனக்குப் புகார் கிடையாது. சட்டம் போட்ட கெடு அது, வேலைக்குச் சேரும்போதே தெரியும்.

புகார் இன்னொரு வகையைப் பற்றி. 3-ம் தேதி ராத்திரி 11 மணிக்கு, "தம்பி, அந்த பார்ட்டி லெட்ஜர் கொஞ்சம் அனுப்புப்பா" என்று வாட்ஸ்அப் வரும். அனுப்பினால் அதை மறுநாள் மத்தியானம் வரைக்கும் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் எதற்கு 11 மணிக்கு? அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். எபிக்டெட்டஸ் இதற்குப் பொருத்தமாக ஒன்று கேட்கிறார். உன் உடம்பை யாராவது பிடித்துத் தெருவில் போகிறவனிடம் ஒப்படைத்தால் கொதித்துப் போவாய் அல்லவா? உன் மனசை மட்டும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நீயே ஒப்படைத்துவிட்டு அவன் சொன்ன சொல்லுக்குக் கலங்குகிறாயே, அதற்கு வெட்கம் இல்லையா என்கிறார். அவர் சொன்னது வசவு வாங்கிக் கலங்குவதைப் பற்றி. எனக்கென்னவோ செல்போன் டிங் என்று சத்தம் போடும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

நான் சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வர்ற மெசேஜை காலையிலதான் பார்ப்பேன் சார். 18, 19, 20 மூணு நாள் மட்டும் எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க." அவர் முகம் சுண்டிப் போனது. "அப்படியா, சரி" என்றார். அதற்குப் பிறகு ரெண்டு வாரம் பேச்செல்லாம் கட்டைக் குரலில்தான். அந்த முகம் என் கையில் இல்லை. இதைப் புத்தகத்தில் படிப்பது சுலபம். பத்துக்குப் பத்து அறையில் அந்த முகத்துக்கு எதிரே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் மெசேஜ் அனுப்புவதை நிறுத்தவில்லை. இன்றைக்கும் 11 மணிக்கு வருகிறது. நான் காலையில் பார்க்கிறேன். சுயமுன்னேற்றப் புத்தகங்களில், உன் எல்லையை மற்றவர்கள் மதிக்கும்படி செய் என்று எழுதியிருக்கும். அங்கேதான் ஸ்டோயிக்குகள் பிரிகிறார்கள். மற்றவர்கள் மதிப்பது மதிக்காதது எல்லாம் கையில் இல்லாத கணக்கு. என் எல்லை என்பது அவருக்கு நான் போட்ட சட்டம் அல்ல. நான் என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒன்று. அவர் அனுப்பட்டும். இப்படி யோசித்தால் பாதிக் கோபம் தானாகக் குறைகிறது.

சரி, இதெல்லாம் இலவசமா? கிடையாது. இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கீரைக்கட்டு உதாரணம் வருகிறது.

பெரிய மனிதர் ஒருவர் விருந்து வைக்கிறார், உன்னைக் கூப்பிடவில்லை. உனக்கு வருத்தம். எபிக்டெட்டஸ் கேட்கிறார்: கீரை ஒரு ஓபோலுக்கு விற்கிறது. (ஓபோல் என்பது சின்னக் காசு, ஆறு சேர்ந்தால் ஒரு டிராக்மா.) ஒருவன் ஓபோலைக் கொடுத்துக் கீரையை வாங்கிக்கொண்டு போனான். நீ கொடுக்கவில்லை, கீரையும் கிடைக்கவில்லை. அவனைவிட உனக்கு என்ன குறைந்துவிட்டது? அவனிடம் கீரை இருக்கிறது, உன்னிடம் ஓபோல் இருக்கிறது. விருந்தும் அப்படித்தான். அதற்கு ஒரு விலை உண்டு: அவரைப் புகழ வேண்டும், அவர் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த விலை கட்டுப்படியானால் கொடு, வாங்கிக்கொள். விலையும் கொடுக்க மாட்டேன், விருந்தும் வேண்டும் என்றால் நீ பேராசைக்காரன் என்கிறார்.

முதல் செமஸ்டர் பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் வரும். ஒன்றை எடுத்துக்கொண்டால் விட்டுப்போன இன்னொன்றுதான் அதன் உண்மையான விலை. எங்கள் பேராசிரியர் அதற்குப் படமெல்லாம் வரைந்து காட்டினார். அப்போது ஏறாத மண்டையில் கீரைக்கட்டு ஏறியது. :-)

எனக்கு நடந்தது இதுதான். என்னோடு சேர்ந்த இன்னொரு பையன் 11 மணி மெசேஜுக்கு 11.02-க்குப் பதில் போடுவான். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட்டுக்காக மில்லுக்குப் போகும்போது சார் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டாக் சரிபார்ப்பது, பழைய வவுச்சர்களைப் புரட்டுவது எல்லாம் அவன் கற்றுக்கொண்டான். நான் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வலித்ததா என்றால் வலித்தது. ஆனால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அவன் விலை கொடுத்தான், கீரை வாங்கினான். என் ராத்திரி என்னிடம் இருக்கிறது. அதில்தான் இந்தப் புத்தகங்களைப் படித்தேன், சி.ஏ. இண்டர் பாடத்தில் ரெண்டு பேப்பர் முடித்தேன், அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். 'முடியாது' என்று சொல்கிறவர்கள் இந்த விலையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சொல்லிவிட்டு, அப்புறம் பதவி உயர்வு வரவில்லை, சார் சிரிக்கவில்லை என்று புலம்பினால் அது கணக்கே தெரியாத வியாபாரம்.

கணக்கு என்றதும் செனெகா. அவர் வாழ்க்கையின் குறுமையைப் பற்றி எழுதிய நூல் பவுலினஸ் என்பவருக்கானது. இந்தப் பவுலினஸ் யார் தெரியுமா? ரோம் நகரத்துக்கே தானியம் வாங்கிக் கணக்குப் பார்க்கும் அதிகாரி. நம்ம ஆள்! அவரிடம் செனெகா சொல்வதன் சாரம், உலகத்துக்குத் தானியக் கணக்குப் பார்த்தது போதும், உன் ஆயுளுக்குக் கணக்குப் பார் என்பது. பணம் என்றால் ஒரு காசுக்குக் கறாராக இருக்கிறவர்கள் நேரத்தை மட்டும் கேட்டவருக்கெல்லாம் வாரி விடுகிறார்கள் என்று வியக்கிறார். இதே செனெகாவின் கதை சோகமானது. கி.பி. 62-ல் தன் சொத்தையெல்லாம் திருப்பித் தருகிறேன், ஓய்வு கொடு என்று நீரோவிடம் கேட்டார். நீரோ இனிக்க இனிக்கப் பேசி மறுத்துவிட்டான். 65-ல் சதிக் குற்றம் சாட்டி, தானே உயிரை விடும்படி உத்தரவு வந்தது. வேலையை விடு என்று ஊருக்கு எழுதியவரால் தன் வேலையை விட முடியவில்லை. சிலர் இதைச் சொல்லி அவரைப் போலி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில முதலாளிகளிடம் ரெசிக்னேஷன் லெட்டர் செல்லாது, அவ்வளவுதான்.

விலை எல்லோருக்கும் ஒன்றா என்பது அடுத்த கேள்வி. எங்கள் ஆபீஸில் ஓர் அக்கா இருக்கிறார். பல வருஷமாக வேலை பார்க்கிறார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். அவர் 11 மணிக்குப் போனை எடுக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். "உனக்கென்னடா, அப்பா சம்பாதிக்கிறாரு, நீ சொல்லலாம்" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முழுக்க உண்மை.

எபிக்டெட்டஸிடம் இதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எஜமானனுக்கு மூத்திரச் சட்டி பிடிக்கும் அடிமைகளைப் பற்றிப் பேசுகிறார். ஒருவன், பிடிக்காவிட்டால் அடி விழும், சோறு கிடைக்காது, பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டுப் பிடிக்கிறான். இன்னொருவனுக்கு, தான் பிடிப்பது மட்டும் இல்லை, தனக்காக இன்னொருவன் பிடிப்பதுகூடச் சகிக்க முடியாத விஷயம். எது சரி? உன்னை நீ என்ன விலைக்கு விற்கிறாய் என்பது உனக்குத்தான் தெரியும், அவரவர் அவரவரை எடை போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார். அவருடைய மனசு இரண்டாமவன் பக்கம்தான் என்பது படித்தால் தெரியும். ஆனாலும் முதலாமவனை அவர் திட்டவில்லை என்பதைக் கவனித்தேன். தானே அடிமையாக இருந்தவருக்குச் சோற்றின் விலை தெரியும். 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்' என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்த அக்காவின் கணக்கு தெரிவதில்லை.

இவ்வளவும் பயத்தால் சொல்ல முடியாத 'முடியாது' பற்றி. நம் ஊரில் அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. முகதாட்சண்யம். எதிரே இருப்பவர் நம்மை ஒன்றும் செய்துவிட மாட்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வராது. அதனால்தான் தமிழில் 'முடியாது' என்பதற்கு இத்தனை மாற்று வேஷங்கள்: "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்", "சொல்றேன் சார்", "கொஞ்சம் டைம் குடுங்க". கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், ஆனாலும் ஒரு மாதம் இழுக்கும்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்திருந்தேன். புளூட்டார்க் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் ஸ்டோயிக் இல்லை, ஸ்டோயிக்குகளோடு சண்டை போட்டவர். ஆனால் எபிக்டெட்டஸ் காலத்து மனிதர். கிரேக்கத்தில் அந்தக் குணத்துக்கு 'டிசோபியா' என்று பெயர், அந்தச் சொல்லுக்குள்ளேயும் முகம் இருக்கிறதாம்! அவர் தரும் வைத்தியம், சின்ன விஷயங்களில் பழகு என்பது. போதும் என்ற பிறகும் ஒருவர் மதுக்கிண்ணத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல். மோசமாகப் பாடுகிறவனை எல்லோரும் கைதட்டினால் நீ தட்டாமல் இரு. அங்கே பழகினால்தான் பெரிய இடத்தில் வாய் வரும்.

அதே கட்டுரையில் ஸ்டோயிக் பள்ளியை ஆரம்பித்த சீனோவைப் பற்றி ஒரு கதை வருகிறது. (சீனோவும் நம்ம ஜாதிதான், அதாவது காமர்ஸ். சைப்ரஸ் தீவைச் சேர்ந்த, சாயச் சரக்கு ஏற்றி வந்த வியாபாரி, கப்பல் கவிழ்ந்து ஏதென்ஸில் ஒதுங்கித் தத்துவத்துக்கு வந்தார் என்பார்கள்.) தெரிந்த இளைஞன் ஒருவன் மதில் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போவதைப் பார்த்து என்ன என்று கேட்கிறார். நண்பன் ஒருவன் பொய்ச்சாட்சி சொல்லக் கேட்கிறான், அவன் கண்ணில் படாமல் போகிறேன் என்கிறான். சீனோ திட்டுகிறார். அநியாயத்தைக் கேட்க அவனுக்கு உன்னிடம் கூச்சமும் இல்லை, பயமும் இல்லை. நியாயத்துக்காக அவன் முன்னால் நிற்க உனக்குத் துணிச்சல் இல்லையா?

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸுக்கு வரும் சில பார்ட்டிகள் அன்பாகத் தோளில் கை போட்டு, "தம்பி, இந்த ரெண்டு பர்ச்சேஸ் பில்லையும் சேர்த்துப் போட்டுடுப்பா" என்பார்கள். சரக்கே வந்திருக்காது, பில் மட்டும் வந்திருக்கும். உள்ளீட்டு வரிக்காக. அதட்டிக் கேட்டால் மறுப்பது சுலபம். காபி வாங்கிக் கொடுத்து, ஊர் விசாரித்து, "உங்க அப்பாவை எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கேட்பார்கள். அங்கே நான் சொல்வது ஒரே வாக்கியம்: "இன்வாய்ஸோட இ-வே பில்லும் லாரி ரசீதும் வேணும்ணே, இல்லாம நான் போடமாட்டேன்." விளக்கம் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. சீனோ சொன்ன மாதிரி, கூச்சப்பட வேண்டியது நான் இல்லையே. ராத்திரி மெசேஜ் விஷயத்தில் விலை பேசலாம். இதில் விலையே கிடையாது. எல்லைகளில் இப்படி ரெண்டு ஜாதி உண்டு, இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கஸ் ஆரேலியஸ் சக்கரவர்த்தி. தன் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில், "எனக்கு நேரம் இல்லை" என்று அவசியம் இல்லாமல் அடிக்கடி சொல்லக் கூடாது, வேலையைக் காரணம் காட்டி கூட வாழ்கிறவர்களுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று ஒருவரிடம் கற்றதாக எழுதுகிறார். ஒரு பேரரசையே ஆண்டவருக்கு இல்லாத பிஸி எனக்கு எங்கே வந்தது? தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளில் 'என் எல்லை' என்று பேசினால் அது தத்துவம் இல்லை, சோம்பேறித்தனம். ஸ்டோயிக்குகளுக்கு மகன், அண்ணன், குடிமகன் என்ற உறவெல்லாம் கடமைதான். எதிராளி நல்ல அப்பாவா கெட்ட அப்பாவா என்பது கையில் இல்லாத விஷயம், நல்ல மகனாக இருப்பது கையில் இருக்கும் விஷயம்.

கடைசியாக ஒரு சந்தேகம், எனக்கே உள்ளது. எல்லாவற்றையும் 'என் சம்மதம்' என்று தனி மனிதன் தலையில் போட்டால், அந்த அக்காவுக்கு இந்தத் தத்துவத்தால் என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியது மன உறுதி இல்லை, அது அவரிடம் என்னைவிடப் பத்து மடங்கு இருக்கிறது. அவருக்கு வேண்டியது சட்டம். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களுக்கு எந்தத் தத்துவமும் நாற்காலி போடவில்லை. 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. சில நாளிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017-லிருந்து சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. இங்கே 2018-ல் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

"ஸ்டோயிக் என்றால் விதியே என்று இருக்க வேண்டும், போராட்டம் எல்லாம் எதற்கு" என்று ஒரு நண்பன் கேட்டான். அவனுக்கு ஹெல்விடியஸ் பிரிஸ்கஸைக் காட்டினேன். ரோம் செனட் உறுப்பினர், ஸ்டோயிக். செனட்டுக்கு வராதே என்று வெஸ்பாசியன் சக்கரவர்த்தி ஆளனுப்பினான். என்னைப் பதவியிலிருந்து நீக்குவது உன் கையில், உறுப்பினராக இருக்கும்வரை நான் வருவேன் என்றார். சரி, வந்து வாயை மூடிக்கொண்டு இரு. என் கருத்தைக் கேட்காமல் இரு, பேசாமல் இருக்கிறேன். கேட்க வேண்டிய முறை எனக்கு இருக்கிறதே. அப்படியானால் சரியென்று பட்டதைச் சொல்ல வேண்டிய முறை எனக்கும் இருக்கிறது. கொன்றுவிடுவேன். நான் சாகவே மாட்டேன் என்று உன்னிடம் எப்போது சொன்னேன், உன் வேலையை நீ பார், என் வேலையை நான் பார்க்கிறேன் என்றார். பிற்பாடு நாடு கடத்தப்பட்டுக் கொல்லவும் பட்டார். இந்த உரையாடலை எபிக்டெட்டஸ் தன் மாணவர்களுக்கு ரசித்து ரசித்துச் சொல்லியிருக்கிறார். தாங்கிக்கொண்டு சும்மா இரு என்று சொல்லும் தத்துவத்தில் இந்த ஆளுக்கு என்ன வேலை?

டிகிரி முடிந்ததும் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு இடம் தேட வேண்டும். இப்போது அது இரண்டு வருஷம். விதிப்படி வாரத்துக்கு 35 மணி நேர வேலை. சீனியர்களிடம் அந்த 35-ஐச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நேர்முகத்தில் அதைக் கேட்கத்தான் போகிறேன். என்ன விலை என்று தெரிந்துகொண்டால் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம், கேட்காமல் எப்படி?

எபிக்டெட்டஸின் குரு முசோனியஸ் ரூஃபஸ் பற்றி எழுத இடம் இல்லாமல் போய்விட்டது. அப்பா தடுத்தும் தத்துவம் படிக்க ஆசைப்பட்ட ஒரு பையன் அவரிடம் வந்து, பெற்றவர் சொல்லை எல்லா விஷயத்திலும் கேட்டே ஆக வேண்டுமா என்று கேட்கிறான். அவர் சொன்ன பதில் நம் வீடுகளில் பெரிய ரகளையைக் கிளப்பும். செமஸ்டர் முடியட்டும், அதைத் தனியாக எழுதுகிறேன். பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்று அவர் வாதாடியதையும் சேர்த்து.